வூட்டுக்கு ஒரு ஆளு

தான்சானியா என்கிற பேரைத் தடுக்காமல் சொல்ல லட்சுமியம்மாள் பழகியபோது, புருஷன் அங்கே போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் யார் கேட்டாலும் 'ஆப்பிரிக்கா' என்று சொல்லி முடித்துவிடுவாள். கேட்கிறவர்களுக்கும் அது போதும். அங்கே சிங்கம் தெருவில் நடக்குமா என்று ஒரு கேள்வி, சம்பளம் எவ்வளவு என்று ஒரு கேள்வி, அப்புறம் அவரவர் கழனியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ராத்திரியில் வீட்டில் துணைக்கு யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிற ஓரத்தில் இருந்தது அவர்கள் ஊர். மலைமேல் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டே கீழே பயிர் காய்கிற ஊர். ஒரு கிணறு, அதில் நாலு பங்கு. பாவாடை, பச்சமுத்து, சின்னதுரை, சின்னராசு என்று நாலு பங்காளிகள். மோட்டார் கொட்டாய்க்கு ஒரே சாவி. யாருக்கு முறையோ அவர் வீட்டு மாடத்தில் அன்றைக்குச் சாவி இருக்கும், மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். தாத்தன் காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்தபோதே வந்த முறை அது. கவலை போய் ஆயில் என்ஜின் வந்து, அது போய்க் கரெண்டு மோட்டார் வந்தும் முறை மாறவில்லை. சின்னராசு கடல் தாண்டிப் போன பிறகும் அவன் முறைச் சாவி தவறாமல் வந்தது. லட்சுமியம்மாள்தான் வாங்கி வைத்துக்கொள்வாள். விடிகாலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை மாற்றப் போவாள். ஆரம்பத்தில் ஊர் பார்த்துச் சிரித்தது, பிறகு சிரிக்கவும் மறந்துவிட்டது.

சின்னராசு மோட்டார் மெக்கானிக். தான்சானியா அரசாங்கம் ஊருக்கு ஊர் குழாய்த் தண்ணீர் கொடுக்கப்போகிறது, பம்பு செட்டு தெரிந்த ஆள் வேண்டும் என்று மெட்ராசில் ஆள் எடுத்தார்கள். எழுபத்து மூன்றில் கிளம்பிப் போனான். மகள் செந்தமிழ்ச்செல்வி அப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, திருநாவலூரில் கட்டிக்கொடுத்து, வளைகாப்பும் போட்டு முடிக்கிற வரைக்கும் தகப்பன் வரவில்லை. வர மனசில்லாமல் இல்லை. அந்த நாட்டில் வெளிநாட்டுப் பணம் வறண்டுபோய், விமானச் சீட்டுக்குக் கொடுக்க வங்கியில் டாலர் இல்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். கல்யாணப் பந்தலில் தாரை வார்க்கப் பாவாடையைத்தான் நிறுத்தினாள். பந்தல் பிரிக்கிற அன்றைக்குச் சமையல் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுதாள், யாராவது பார்த்தால் சொல்லிக்கொள்ளப் புகை சாக்காக இருந்தது.

எண்பத்தாறில் ஒருவழியாக வந்து சேர்ந்தான். ஒரு ரேடியோ, ஒரு தோல் பெட்டி, நரைத்த தலை. வந்தவன் பேசுவான் என்று பார்த்தாள். அவன் ரேடியோவைத்தான் பேசவைத்தான். சாயங்காலமானால் காதில் ஒட்டவைத்துக்கொண்டு முள்ளைத் திருகுவான். லண்டனிலிருந்து தான்சானியா பாஷையில் செய்தி வரும். கரகரவென்ற இரைச்சலுக்குள் யாரோ சிரிப்பார்கள், இவனும் சேர்ந்து சிரிப்பான். பதின்மூன்று வருஷம் இல்லாத புருஷனுக்காக ஏங்குவது ஒரு மாதிரி, எதிரே உட்கார்ந்து வேறு ஊர் சிரிப்பைச் சிரிக்கிறவனுக்காக ஏங்குவது வேறு மாதிரி. இரண்டாவதுதான் ஜாஸ்தி வலித்தது.

வாயைத் திறக்க வைத்தது கடைசியில் களிதான். அங்கே மக்காச்சோள மாவில் வெள்ளையாகக் களி கிண்டுவார்களாம், பேரு உகாலியாம். அதைத்தான் தின்று உயிர் வளர்த்தானாம். ஒருநாள் மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து கொடுக்கிற பழனியம்மாளிடம் சொல்லி மக்காச்சோளம் வாங்கி, அரைத்து, கிண்டி, முருங்கைக்கீரைக் கடைசலோடு வைத்தாள். ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் போட்டவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் பேச ஆரம்பித்தான். அப்போது வந்த பழனியம்மாளும் புளிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

நம்மைப் போலவே வெள்ளைக்காரனிடம் விடுதலை வாங்கின நாடுதான். விடுதலை வாங்கினதும் அந்த நாட்டுப் பெரியவர், இனிமேல் தனியாள் என்று யாரும் கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். அதற்கு உஜமா என்று பேர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சின்னராசு, "பங்காளிக் கட்டுன்னு வெச்சிக்கோயேன்" என்றான்.

"பங்காளின்னா அடிச்சிக்கிறவன் ஆச்சே" என்றாள் லட்சுமியம்மாள்.

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டில் ஜனங்கள் நம்மைப் போல ஊராக இருக்கவில்லை. அவரவர் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடிசை. இப்படி இருந்தால் எப்படிப் பள்ளிக்கூடம் கட்டுவது, ஆஸ்பத்திரி வைப்பது, குழாய் போடுவது? எல்லாரும் ரோட்டோரம் வந்து வரிசையாகக் குடியிருங்கள் என்றது அரசாங்கம். நிறைய பேர் ஆசையாகவே வந்தார்கள். வராதவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்கள். திரும்பிப் போகாமல் இருக்க, பழைய குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, பொய்யில்லை. கிழவிகள்கூட உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். குழாயும் வந்தது, அதில் முதல் தண்ணீர் வந்த அன்றைக்குப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்ட சத்தம் இன்னும் அவன் காதில் இருக்கிறது. காசு கேட்காத தண்ணீர்.

பத்து வீட்டுக்கு ஒரு தலைவர். பொதுக்காடு என்று ஒன்று. விடிகாலையில் தப்பட்டை அடிப்பார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும்.

"எங்க மலையிலயும் அப்படித்தானேங்க" என்று பழனியம்மாள் குறுக்கே சொன்னாள். "ஜாகிர்தாரரு கழனிக்கு வூட்டுக்கு ஒரு ஏரு, வூட்டுக்கு ஒரு ஆளு. கூலி கெடையாது. நாட்டுக்கெல்லாம் நாப்பத்தேழுல சொதந்திரம் வந்துச்சின்னு சொல்றீங்க. எங்களுக்கு ஜாகிரு ஒழிஞ்சி எழுபத்தாறுலதான் வந்துச்சி."

அது ஜாகிர்தாருக்கு, இது எல்லாருக்கும் என்றான் சின்னராசு. ஆள் வராத வீட்டுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது என்று பிறகு அவனே சொன்னான். அவன் இருந்த ஊரில் சலும் என்று ஒரு பெரியவர். பழைய இடத்தில் அவருக்கு முந்திரி மரங்கள் இருந்தன. தப்பட்டைச் சத்தம் கேட்டால் எல்லாரும் பொதுக்காட்டுக்குப் போக, அவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்து தன் முந்திரித் தோப்புக்குப் போய்விடுவார். பத்து வீடும் கூடி உட்கார்ந்து, ஆள் வராத வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை என்று முடிவு செய்தார்கள். கையைத் தூக்கினார்கள். சின்னராசு குடியிருந்த அறையும் அந்தப் பத்தில் ஒன்றுதான். நான் வேற நாட்டுக்காரன், எனக்குக் கை கிடையாது என்று மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை.

அதற்கப்புறம் பம்புக்கு வாஷர் கிடைக்கவில்லை, டீசல் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் சொந்தமான மோட்டாருக்கு எண்ணெய் போட ஒருத்தரும் வரவில்லை. சோப்புக்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை. நாட்டை ஆண்ட அந்தப் பெரியவர் தன் கணக்கில் தப்பு இருந்ததென்று ஒப்புக்கொண்டு, யாரும் பிடித்துத் தள்ளாமலே நாற்காலியை விட்டு இறங்கினார். கடைகள் திறந்தன. அவரவர் காட்டுக்கு அவரவர் போகலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால் முந்திரித் தோப்பெல்லாம் புதர். சலும் தோப்பு மட்டும் பெருக்கிவிட்ட வாசல்போல இருந்ததாம். தண்ணீருக்குக் காசு என்று சட்டம் மாறியது, வெளிநாட்டு மெக்கானிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று இவனை அனுப்பிவைத்தார்கள்.

"அவ்ளோ வருஷம் அந்த சலும் தண்ணிக்கு இன்னா பண்ணாரு?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

"தோப்பாண்ட பழைய குட்டை ஒண்ணு இருந்துச்சி. அங்கேந்து எடுத்தாந்துக்கினு இருந்தாங்க."

"பொண்டாட்டி இருந்தாளா?"

"இருந்தாங்க."

"அவ பேரு இன்னா?"

சின்னராசு யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. அந்த ஊரில் பிறந்த கழுதைக்குட்டிக்கு வைத்த பேர்கூட ஞாபகம் இருந்தது, அது மட்டும் வரவில்லை. லட்சுமியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறு வருஷம் எண்பத்தேழு. தங்கள் ஜாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஜாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தது. கேட்கிறதில் நியாயம் இல்லையென்று சொல்ல அந்த ஊரில் நாய்கூடக் கிடையாது. பத்தாவது படித்துவிட்டு மாடு மேய்க்கிற பையன் வீட்டுக்கு ஒருத்தன் இருந்தான். அந்த வருஷம் மழையும் சுத்தமாக ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடிப்பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு நடை தண்ணீர் தவறினால் பயிர் போச்சு என்கிற கட்டம், நாலு பங்குக் கழனியிலும் நெல் இன்னும் வெளியே வராத தொண்டைக் கதிராக நின்றது.

மறியலுக்கு முந்தின வாரம் கிணற்றுமேட்டில் கூட்டம் போட்டார்கள். பச்சமுத்துதான் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர். நல்லவன், ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் குரல் தானாக ஏறிவிடும். வூட்டுக்கு ஒரு ஆளு வரணும் என்றான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சின்னராசுவும்தான் ஆட்டினான். பச்சமுத்து அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆளு வராத வூட்டுக்குக் கொட்டாய்ச் சாவி கெடையாது. தண்ணி மொறையும் போச்சி. இத இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் கொற சொல்லக்கூடாது. சம்மதம்னா கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போயிற்று. சின்னராசு தன் கையை மடியில் வைத்துக்கொண்டான். பாவாடை அவனைப் பார்த்து, "இன்னாடா, கேக்கலியா?" என்றான்.

"கேட்டுச்சிண்ணே. கேக்கறது நாயமான விசயம். வாடான்னு கூப்புட்டிருந்தா நானே மொத ஆளா வந்திருப்பேன். தண்ணிய மறிப்பேன்னு சொல்லிட்டீங்க. இனிமே நான் வரமாட்டேன்."

ஒருத்தருக்கும் இது புரியவில்லை. வெளிநாட்டுக் காசு பார்த்தவன், போலீசுக்குப் பயந்தவன் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்து லட்சுமியம்மாள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். நீங்கள் ரோட்டில் உட்கார்ந்து வந்தால் போதும், பயிர் பிழைத்துவிடும் என்றாள். இந்தப் போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதைநெல் கூடக் கிடையாது என்றாள். நாளைக்கு ஒரு சாவு வாழ்வென்றால் நம் வாசலில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டாள். "ஒருத்தனத் தண்ணியால வளைக்கக் கூடாது லட்சுமி. நான் தண்ணி வேல பாத்தவன்" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு ரேடியோவை எடுத்தான்.

அந்த முள் திருகுகிற சத்தம்தான் அவளை முடிவுக்குக் கொண்டுவந்தது. மறியல் அன்றைக்கு விடியும் முன்னே எழுந்து குளித்தாள். சோறு வடித்து மூடிவைத்தாள். படுத்திருந்தவன் பக்கத்தில் போய் நின்று தெளிவாகச் சொன்னாள்.

"வூட்டுக்கு ஒரு ஆளுன்னுதான் சொன்னாங்க. ஆம்பள ஆளுன்னு சொல்லல. நான் போறேங்க."

அவன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பச்சைப் புளியம்பிஞ்சு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. லட்சுமியம்மாளைப் பார்த்ததும் பச்சமுத்து எழுந்து நின்றான். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "சின்னராசு வூட்டு ஆளு வந்தாச்சி" என்று உரக்கச் சொன்னான். "வா அண்ணி, இப்படி நெழல்ல உக்காரு" என்று இடம் கொடுத்தான். வீட்டு ஆள். அந்தச் சொல் அவளுக்கு ஏனோ நெஞ்சில் குளிர்ந்து இறங்கியது.

இரண்டாம் நாள் போலீஸ் வேன்கள் வந்தன. பெண்களையும் சேர்த்து ஏற்றினார்கள். முதலில் ஒரு கல்யாண மண்டபம், பிறகு ஜெயில். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துப்போனார்கள் என்று சேதி வந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் இருக்கத் தூங்கினது அங்கேதான். சங்கராபுரத்துப் பெண்கள், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துப் பெண்கள், எல்லாருமாக ஒரே கொட்டடியில் களியைத் தின்றார்கள். ஜெயில் களியைப் பிட்டுக்கொண்டே அவள் உகாலி கதையைச் சொன்னாள். குழாயில் முதல் தண்ணீர் வந்தபோது குலவையிட்டதைச் சொல்ல, ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டுக் காட்டி வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நீ அங்கே போயிருக்கிறாயா அக்கா என்று கேட்டார்கள். போயிருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்னாள் லட்சுமியம்மாள்.

இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று விடுதலையாக. பஸ்ஸை விட்டு இறங்கி, ஆண்களும் பெண்களுமாகக் கழனி வழியாகவே ஊருக்கு நடந்தார்கள். எல்லாருக்கும் பயிரை நினைத்துத்தான் பயம். ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன மறுநாளே போலீஸ் வரும் என்று மிச்சமிருந்த ஆம்பிளைகள் மலையேறி ஒளிந்துவிட்டார்கள், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்வீடுகளுக்குப் போய்விட்டார்கள் என்று ஜெயிலிலேயே சேதி வந்திருந்தது. மழைத் துளியும் இல்லை. பயிர் காய்ந்து சருகாகியிருக்கும் என்று பாவாடை வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

கிணற்றுமேட்டில் ஏறியதும் அவன் புலம்பல் நின்றுவிட்டது. பாவாடை கழனி பச்சை. பச்சமுத்து கழனி பச்சை. சின்னதுரை கழனியிலும் கதிர் பால் பிடித்துத் தலை சாய ஆரம்பித்திருந்தது. வாய்க்கால் ஈரமாக இருந்தது, வரப்பில் மண்வெட்டிச் சுவடு புதிதாக இருந்தது. மூன்று பச்சைக்கு நடுவே ஒரே ஒரு கழனி மட்டும் வெடித்துக் கிடந்தது. கதிர் வெளியே வராமல் தொண்டையிலேயே வெளுத்து, காற்றுக்குச் சலசலவென்று காகிதச் சத்தம் போட்டது. அது சின்னராசு கழனி.

கொட்டாய் நிழலில் பழனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பஸ் இல்லாததால் புளியை விற்க முடியாமல் கீழேயே தங்கிவிட்டவள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். ஊரை விட்டுப் போகும்போது பாவாடை பெண்சாதி கொட்டாய்ச் சாவியைச் சின்னராசு கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். கரெண்டு வந்தபோதெல்லாம் இவன் மோட்டார் போட, பழனியம்மாள் மடை மாற்றினாளாம்.

"மொற பெசகாம பாச்சினாருங்க. இன்னிக்குப் பாவாடை மொற, நாளைக்குப் பச்சமுத்து மொறன்னு. உங்க மொற வந்தா மட்டும் மோட்டாரப் போடமாட்டாரு. கொட்டாயப் பூட்டிக்கினு வெளிய வந்து உக்காந்துக்குவாரு. ஏன் சாமின்னு கேட்டேன். ஆளு வராத வூட்டுக்குத் தண்ணி கெடையாதுன்னு சொல்லியிருக்காங்க, நான் வரலன்னாரு. எனுக்கு ஒண்ணும் புரியல."

பச்சமுத்து தன் கழனியைப் பார்த்தான், காய்ந்த கழனியைப் பார்த்தான். "அதான் மறியலுக்கு அண்ணி வந்துட்டாங்களே" என்று முணுமுணுத்தான். அவனுக்கு முதலில் வந்தது வெட்கம், வெட்கப்பட வைத்த ஆள்மேல் பிறகு கோபம். என் மடையைத் திறக்க அவனை யார் கேட்டது என்று சின்னதுரை ஒரு வார்த்தை விட்டான். பாவாடை அவனை அதட்டிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போனாள். சின்னராசு ரேடியோவைப் பிரித்துப்போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.

"நம்ம கழனிய ஏன் காயவுட்டீங்க?"

"ஆளு வராத வூட்டுக்குத் தண்ணி இல்லன்னு கையத் தூக்கினாங்க லட்சுமி. நான் போவல. போவாம இருந்துட்டுத் தண்ணிய மட்டும் எடுத்தா, நான் சொன்னதுக்கு இன்னா அர்த்தம்? அதே நேரத்துல அவங்க பயிரு காயறத பாத்துக்கினு உக்காந்திருந்தா, அவங்களுக்கும் எனுக்கும் இன்னா வித்தியாசம்?"

"நான் போனேங்களே."

"நீ போன. நான் போவலியே."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"வூட்டுக்கு ஒரு ஆளு. அவ்ளோதான் கேட்டாங்க. பச்சமுத்து என்னப் பாத்து, சின்னராசு வூட்டு ஆளு வந்தாச்சின்னு நூறு பேருக்குக் கேக்கறமாதிரி சொன்னான். உங்களுக்கு எதிரா நிக்கிறவனே என்ன ஆளா எண்ணிட்டான். நீங்க எண்ணலியே. பதிமூணு வருசம் இந்த வூட்டுக்கு ஆளு யாருங்க? மொறச் சாவிய வாங்கினது யாரு? பொண்ண ஆளாக்கிக் கட்டிக் குடுத்தது யாரு? நான் ரோட்டுல உக்காந்து, வேன்ல ஏறி, ஜெயிலுக்குப் போயி வாங்கின தண்ணிங்க அது. அது ஒண்ணும் உங்க தண்ணி இல்ல, எந்தண்ணி. அதக் கீழ ஊத்திட்டு உங்க ஞாயத்த நிறுத்திக்கினீங்க."

சின்னராசு ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவள் சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்தப் போகத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை. வைக்கோலையும் மாடு முகர்ந்துபார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மற்ற மூன்று வீட்டிலிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் நெல் வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாமல் விடியலில் வாசலில் இருந்தது. கொட்டாய்ச் சாவியைப் பற்றி அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, முறை வந்தால் சாவி வந்தது. ஆனால் அவன் இருக்கிற இடத்தில் யாரும் அதிக நேரம் நிற்பதும் இல்லை. நல்லது செய்தவன் முகத்தில் விழிப்பது ஊருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஒதுக்கீடு கொஞ்சம் இரண்டு வருஷத்தில் வந்தது. பச்சமுத்து மகன் டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தான். அந்த இனிப்பையும் பிள்ளைகளிடம்தான் கொடுத்தனுப்பினார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாகத் தனியாக இருந்தார்கள். அவன் ரேடியோவோடு, அவள் மடையோடு. முறை நாளில் கழனிக்கு அவன் கிளம்பினால், "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளே போய்விடுவாள்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

தொண்ணூற்றிரண்டில், மாசிப் பனி இன்னும் விடாத ஒரு நாள் சாயங்காலம், ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று அவளைக் கூப்பிட்டான். அவள் ஈரக் காலோடு கழனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவன் பம்பு வேலை பார்த்த நாட்டில் ஒரே கட்சி என்றிருந்ததை மாற்றி, யார் வேண்டுமானாலும் கட்சி வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். அதைச் சொல்ல அவன் குரல் என்னவோபோல் இருந்தது.

"ஊரு ஊராப் போயி ஜனங்களக் கேட்டாங்களாம். பத்துல எட்டுப் பேரு ஒரு கட்சியே போதும்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேருதான் வேற வேணும்னாங்க. எட்டுதானே ஜாஸ்தி, அதோட வுட்டிருக்கலாம். ரெண்டு பேரு கேக்கறாங்களே, அவங்களும் இந்த நாட்டு ஜனந்தானேன்னு தொறந்து வுட்டுட்டாங்க லட்சுமி."

"சலுமுக்குத் தெரிஞ்சா சந்தோசப்படுவாரு" என்றாள், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

அவன் ரேடியோவை நிறுத்தினான். செய்தி முடியாமல் அவன் அதை நிறுத்தி அவள் பார்த்ததில்லை.

"அந்தம்மா பேரு ஹலிமா" என்றான். "சலும் வூட்டுக்காரம்மா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சி. சலும் குட்டைக்குப் போனதே கெடையாது. தோப்புல உக்காந்துக்கினு இருப்பாரு. தண்ணி எடுத்தாந்தது அந்தம்மாதான். விடிகாலையில தலையில கொடத்த வெச்சிக்கினு எங்கொழாயத் தாண்டித்தான் போவும், வரும். தெனம் பாத்திருக்கறேன். ஊரு மொத்தமும் சலும் சலும்னு பேசிச்சி. நானும் அப்படியே வந்து உங்கிட்ட சொன்னேன்."

லட்சுமியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நம்ம வூட்டுலேந்து ஆளு போயிருந்துச்சி லட்சுமி. நான்தான் எண்ணல."

இந்த ஒரு பேச்சுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. வந்தால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. அந்தப் பேச்சு வரவேண்டிய வயசில் வந்திருக்க வேண்டும். காலில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து இறுக ஆரம்பித்திருந்தது, அது மட்டும் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு பாத்தி பாயணுங்க. கரெண்டு போறதுக்குள்ள மடைய மாத்தணும்" என்றாள்.

"நான் வரட்டுமா?"

முன்போலத்தான், நீங்க இருங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பு ஒற்றையடி அகலம்தான், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஹலிமா என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்த நாட்டுப் பேர் ஒன்று முதல் தடவையிலேயே அவள் வாயில் தடுக்காமல் வந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய் மடையை வெட்டினாள்.